புள்ளியெழுத்து வகுத்த லூயி பிரெயில்

சென்னையினின்றும் மேற்கே பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில் பூந்தமல்லி என்னும் பழம்பதி உளது. திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர் என வைணவர் அதனைப் போற்றுவர். அவ்வூரிலே பார்வையற்ற மாணாக்கர்க்கென அரசாங்கத்தார் நடத்தும் மேல்நிலைப்பள்ளி ஒன்றும், அத்தகையோர்க்குரிய பாடநூல்களை அச்சிட்டு வழங்கும் அச்சகம் ஒன்றும் இருக்கின்றன. மற்ற அச்சகங்களில் மையின்றி ஒரு வேலையும் நடவாது. இவ்வச்சகத்திலோ மைக்கு வேலையே இல்லை. தடித்த காகிதத்தில் சிறுசிறு புள்ளிகள் புடைத்தெழுந்து நிற்கும், அவையே எழுத்து. கண்ணுடையார் அத்தாளைக் கையிலெடுத்தால் வெறுந்தாள் என்றே மயங்குவர். விரலால் தடவும் மாணாக்கனோ அதிலே தமிழும் பூகோளமும் கணக்கும் படிப்பான். இவ்வெழுத்தை அறிஞர் அவை எதுவும் கூடி அமைத்ததன்று. பிரான்சு தேசத்துச் சேணத் தொழிலாளி ஒருவரின் புதல்வர், தாமும் பார்வையற்றவர், தம் பதினைந்தாம் வயதிலே இதனை அமைத்தார். அவர் பெயர் லூயி பிரெயில். அவருடைய சரிதத்தைச் சுருங்கச் சொல்லுவாம்.

பாரிஸ் நகருக்குக் கிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கூப்ரே என்னும் கிராமத்தில் 1809ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 4ஆம் தேதி லூயி பிறந்தார். தந்தையார் சீமோன் ரெனே பிரெயில், தாயார் மோனிக். மக்கள் நால்வரில் லூயியே கடைக்குட்டி. தந்தையார் குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் செய்து பிழைப்பவர். தொழிலிலே நல்ல பெயர் எடுத்தவர். வீட்டோடு சேர்ந்ததே அவருடைய தொழிற்கூடம். 1812ஆம் ஆண்டில், மூன்று வயதுக் குழந்தையாயிருந்த லூயி, அங்கே தோலில் துளையிடும் குத்தூசியை எடுத்து விளையாடுகையில், அது நழுவி ஒரு கண்ணிலே பாய்ந்தது. புண்ணில் ஏற்பட்ட நஞ்சு மற்றக் கண்ணுக்கும் பரவிற்று. நோய்க்கிருமிகளைப் பற்றிய அறிவே மருத்துவர்க்கு இல்லாத காலம் அது. ஐந்தாம் வயதிற்குள் இரு கண்களும் முற்றும் ஒளியிழந்தன.

அக்காலத்தில் பார்வையற்ற ஏழைப் பிள்ளைக்கு ஐரோப்பாவிலே வாய்க்கக்கூடிய வாழ்வு பெரும்பாலும் பிச்சையெடுத்தலே. நம் நாட்டு நிலைமையும் அதனின் வேறன்று. ஆயின் லூயியின் பெற்றோர் மனந்தளர்ந்திலர். தந்தையார் மரப்பலகையில் ஆணிகளை எழுத்து வடிவாக அறைந்து மகன் விரலைப் பற்றித் தடவச்செய்து எழுத்தறிவித்தார் என்பர். 1815இல் அவ்வூர்க்கு வந்த பல்லுயி என்னும் பாதிரியார் சிறுவனுடைய கூர்த்த மதியைக் கண்டு தாமே பாடஞ் சொல்லத் தொடங்கினார். பின்னர் ஊர்ப் பள்ளி உபாத்தியாயரிடம் பேசி ஏனைய பிள்ளைகளோடு ஒருங்கிருந்து கற்க இடஞ்செய்தார். கேட்டவை அனைத்தையும் லூயி நினைவிற் கொண்டார். ஆனால் மற்றப் பிள்ளைகள் புத்தகத்தைத் திறக்கும்பொழுது அவர் வாளாவிருக்க நேர்ந்தது. பாதிரியாரும் ஊர்ப் பிரபுவும் முயன்றதன் பயனாக, 1819ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி, பத்து வயதிலே, பாரிஸிலுள்ள பார்வையற்ற இளைஞர்க்குரிய அரசக் கல்விச்சாலையில் அவர் சேர்க்கப்பெற்றார்.

அக்கல்விச்சாலையைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். அதனை நிறுவியவர் வாலண்டைன் அவுயி என்பவர். 1771ஆம் ஆண்டில் பாரிஸ் சந்தையொன்றிலே பார்வையற்றோர் சிலருக்குக் கோமாளி வேடமிட்டு, கண்ணாடியும் அணிவித்து, வாத்தியங்களை வாசிக்கச்செய்து, கூட்டத்தார் நகைத்ததை அவர் கண்டார். அக்காட்சி அவர் நெஞ்சைச் சுட்டது. 1784இல் பிரான்சுவா லெசுயர் என்னும் பார்வையற்ற பிச்சைக்கார இளைஞனை அழைத்து வந்து, பிச்சையிற் கிடைக்கும் வருவாயைத் தாமே ஈடுசெய்து, அவனுக்குக் கல்வி கற்பித்தார். சாதாரண ரோமன் எழுத்துக்களையே தாளின்மேல் புடைத்தெழச் செய்து விரலால் தடவிப் படிப்பிப்பது அவர் கண்ட முறை. பார்வையற்றோர் புத்தகம் படிக்கலாகும் என்பதை உலகிற்குக் காட்டியவர் இவரே. அதற்காக அவரை எவ்வளவு புகழினும் தகும்.

எனினும் அம்முறையிலே பெருங்குறை இருந்தது. கண்ணுக்கென அமைந்த எழுத்து விரலுக்கு இசையாது. ஓர் எழுத்தின் வளைவையும் கோட்டையும் தடவி முடித்து அடுத்த எழுத்துக்குச் செல்லுமுன் முந்திய எழுத்து மறந்துபோம். விரலுக்கு எட்டும்படி எழுத்துக்களைப் பெரியனவாக அமைக்க வேண்டியிருந்தமையின் புத்தகங்கள் தூக்கமாட்டாத பளுவாயின, செலவும் மிகுதி. ஆதலால் கல்விச்சாலையின் நூல்நிலையத்தில் இருந்த நூல்கள் மிகச் சிலவே. இவை எல்லாவற்றினும் பெரிய குறை வேறொன்று: அவ்வெழுத்தை மாணாக்கன் தானே எழுத இயலாது. பிறர் அச்சிட்டுக் கொடுத்ததைப் படிக்கலாம். தன் கருத்தை எழுதி வைக்கவும், நண்பனுக்குக் கடிதம் வரையவும், நேற்றுக் கேட்ட பாடத்தைக் குறித்துக்கொள்ளவும் வழியில்லை. எழுதவியலாதவன் பாதிக் கல்வியே பெற்றவனாவான். இக்குறையைக் கண்ணுடைய ஆசிரியர்கள் உணராமற்போனதில் வியப்பில்லை. அவர்கள் கையில் எழுதுகோல் இருந்தது.

1821ஆம் ஆண்டில் சார்லஸ் பார்பியே என்னும் முன்னாட் படையதிகாரி தாம் அமைத்த புள்ளியெழுத்து முறையொன்றை அக்கல்விச்சாலைக்குக் கொண்டுவந்தார். போர்க்களத்திலே இரவில் விளக்கின்றிச் செய்தி படிப்பதற்காக அவர் அதனை அமைத்தார் என்று ஒரு கதை பல நூல்களில் வழங்குகின்றது. அதற்குத் தக்க சான்று இல்லை; பள்ளி செல்ல வாய்ப்பற்ற எளியோர்க்கும் பார்வையற்றோர்க்கும் பயன்படவே அவர் முயன்றார் என்பது அண்மையில் ஆராய்ந்தோர் துணிபு. அம்முறையில் ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரையில் வரும். அவை எழுத்தை உணர்த்தாமல் ஒலியை உணர்த்தும். நிறுத்தக் குறிகளுக்கும் எண்களுக்கும் இடமில்லை. ஆயினும் இரண்டு உண்மைகளை பார்பியே கண்டிருந்தார்: கோட்டினும் புள்ளி விரலுக்கு விளங்கும், வரிப்பலகையும் முனையுள்ள கோலும் இருந்தால் புள்ளியைப் பார்வையற்றவரே குத்தி எழுதலாம்.

லூயிக்கு அப்போது வயது பன்னிரண்டு. பகலெல்லாம் பாடம், இரவிலே பிறர் உறங்கிய பின் தாளும் கோலும் கொண்டு ஆராய்ச்சி. விடுமுறைக்குக் கூப்ரே சென்றாலும் அதே வேலை. மூன்றாண்டு இவ்வாறு உழைத்து, 1824ஆம் ஆண்டளவில் தம் முறையைப் பெரும்பாலும் முடித்துவிட்டார். அவர் செய்தது பார்வைக்கு எளிது: பன்னிரண்டு புள்ளிகளை ஆறாகக் குறைத்தார். நெடுக்கில் மூன்று, அகலத்தில் இரண்டு. ஆனால் அவ்வெளிமையிலேதான் அவருடைய மேதை விளங்குகின்றது. ஆறு புள்ளிகள் விரல் நுனியொன்றின் கீழே ஒருங்கே அடங்கும். விரலை மேலுங்கீழும் அசைக்க வேண்டுவதில்லை. தொட்டவுடன் எழுத்து முழுவதும் தெரியும். கண்ணுக்கு ஒரு நோக்கு எத்தகையதோ, விரலுக்கு இத்தொடுகை அத்தகையது. கண்ணுடையார் எவர்க்கும் இது தோன்றவில்லை.

ஆறு புள்ளிகளை வேண்டுமாறு வைத்தும் நீக்கியும் 63 குறிகள் பெறலாம். அவற்றை லூயி மனம்போனவாறு பங்கிடவில்லை. முதற் பத்து எழுத்துக்களை மேலுள்ள நான்கு புள்ளிகளைக் கொண்டே அமைத்தார். அப்பத்துடன் இடப்பக்கத்து அடிப்புள்ளியைச் சேர்த்தால் அடுத்த பத்து. அடியிலுள்ள இரண்டையும் சேர்த்தால் அதற்கடுத்த வரிசை. இம்முறை தெரிந்தவன் பத்தைக் கற்றுப் பலவற்றை அறிவான். எண்களும் நிறுத்தக் குறிகளும் சங்கீத ஸ்வரங்களும் அவ்வாறு புள்ளிகளிலேயே இடம்பெற்றன. எழுதும்பொழுது தாளின் பின்புறத்திலிருந்து குத்துவதால் வலமிருந்து இடமாக எழுதவேண்டும். தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம். இன்றும் நம் பள்ளிச் சிறுவர் வரிப்பலகையும் கோலும் கொண்டு இவ்வண்ணமே எழுதுகின்றனர்.

1829ஆம் ஆண்டில் தம் முறையை விளக்கி லூயி ஒரு நூல் வெளியிட்டார். அந்நூல் பழைய புடைப்பெழுத்திலேயே அச்சாயிற்று. புதிய எழுத்தை அறிந்தோர் அக்கல்விச்சாலைக்கு வெளியே இல்லாதபோது வேறு என் செய்வது! 1837இல் திருத்திய பதிப்பு வந்தது. அதே ஆண்டில் பிரான்சு தேச சரித்திரச் சுருக்கம் ஒன்று மூன்று பாகங்களாகப் புள்ளியெழுத்தில் அச்சேறியது. பிரெயில் எழுத்தில் அச்சான முதற்புத்தகம் அதுவே. இதற்குள் லூயி அக்கல்விச்சாலையிலேயே ஆசிரியராகி விட்டார். 1828 முதல் துணையாசிரியர். 1833இல் முழு ஆசிரியர். கணிதமும் இலக்கணமும் இசையும் கற்பித்தார். ஆர்கன் வாத்தியத்தில் தேர்ந்தவராதலின் பாரிஸ் தேவாலயங்களிலே வாசித்தும் வந்தார்.

மாணாக்கர் அவ்வெழுத்தை ஆவலோடு பற்றிக்கொண்டனர். ஆனால் கல்விச்சாலை அதனை ஒப்புக்கொள்ளவில்லை. லூயியை ஆதரித்து வந்த பிஞியே என்னும் தலைவர் 1840இல் பதவியினின்றும் நீக்கப்பட்டார். அவர்க்குப்பின் வந்த துபோ புள்ளியெழுத்தை விலக்கினார். கண்ணுடைய ஆசிரியர் சொன்ன காரணம் கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும்: பார்வையற்றோர்க்குத் தனியெழுத்து இருப்பின் அவர்கள் உலகத்தாரினின்றும் பிரிந்து போவர், யாவர்க்கும் ஒரே எழுத்து இருப்பதே நன்று என்பது. அன்பினாற் சொல்லிய சொல்லே. ஆயின் அவ்வன்பிலே ஒரு தவறு ஒளிந்திருந்தது. தமக்கு எளிதாயிருப்பதே பிறர்க்கும் எளிது என அவர்கள் கொண்டனர்; படிப்பவனை அவர்கள் கேட்டாரல்லர். மாணாக்கரோ ஆசிரியர் அறியாதவாறு அதே எழுத்தில் குறிப்பெழுதுவதும் ஒருவர்க்கொருவர் கடிதம் வரைவதுமாக இருந்தனர். தடையாணை தாளைப் பறிக்கலாம். கற்ற விரலினின்றும் எழுத்தைப் பறிக்க இயலாது.

லூயி எவரோடும் வாதாடவில்லை. பிரிவு நேரும் என்ற குற்றச்சாட்டை வேறு வகையாலே தீர்க்க முயன்றார். 1839ஆம் ஆண்டில், கண்ணுடையார் படிக்கும் ரோமன் எழுத்தின் உருவையே புள்ளிகளால் வரையும் முறையொன்றை வெளியிட்டார். பார்வையற்றவர் வீட்டாருக்குக் கடிதம் எழுதினால் வீட்டார் பிறர் உதவியின்றிப் படிக்கலாம். அதனை விரைவில் எழுதுதற்குரிய இயந்திரத்தை அவர் நண்பர் பூக்கோ என்னும் பார்வையற்றவர் 1841இல் செய்து கொடுத்தார். கண்ணுடையோர் ஆறு புள்ளிகளைக் கற்றுக்கொள்ளச் சோம்பியதால், பார்வையற்ற இருவர் அவர்களுக்காகத் தனிமுறையும் இயந்திரமும் செய்ய நேர்ந்தது!

துபோவின் மனத்தை மாற்றியவர் அவர்க்குத் துணையாயிருந்த குவாதே என்பவர். மாணாக்கர் இவ்வெழுத்தாற் பெறும் நன்மையைக் கண்கூடாகக் கண்டு தலைவரிடம் எடுத்துரைத்தார். கல்விச்சாலைக்குப் புதிய கட்டிடம் எழுந்தது. 1844ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் தேதி நடந்த அதன் திறப்பு விழாவில், கூடியிருந்த பெருமக்கள் முன்னிலையில் பிரெயில் முறை விளக்கிக் காட்டப்பெற்றது. லூயியும் அவ்விழாவில் இருந்தார். ஆனால் பழைய கட்டிடத்து ஈரச்சுவர்களுக்கு இடையே வாழ்ந்த ஆண்டுகள் அவர் உடலை முன்னமே அரித்திருந்தன. ஈளைநோய் பற்றிப் பல்லாண்டு வருந்தினார். 1852ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி, நாற்பத்துமூன்றாம் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் கழித்து உயிர் நீத்தார். திறவாமலே எரித்துவிட வேண்டுமென்று அவர் ஒரு சிறு பெட்டியை விட்டுச் சென்றார். அன்பர்கள் ஆவல் தாங்காது திறந்து பார்த்தபொழுது, வறிய மாணாக்கர் பலர் அவரிடம் கடன்பெற்று எழுதிக் கொடுத்த சீட்டுகள் இருந்தனவாம். அவை பின்பு எரிக்கப்பட்டன.

அவர் இறந்த செய்தியைப் பாரிஸ் பத்திரிகைகள் பொருட்படுத்தவில்லை. இரண்டாண்டு கழித்து, 1854இல், அக்கல்விச்சாலை அவர் எழுத்தை முறைப்படி மேற்கொண்டது. 1878இல் பாரிஸிற் கூடிய பன்னாட்டுப் பேரவை அதனைச் சிறந்ததெனத் தேர்ந்தது. ஆங்கிலம் வழங்கும் நாடுகளிலே போட்டி முறைகள் பல தோன்றிப் பூசல் நெடுங்காலம் நடந்தது. 1932இல்தான் இங்கிலாந்தும் அமெரிக்காவும் ஒரே முறைக்கு உடன்பட்டன. இறந்து நூறாண்டான 1952இல் பிரான்சு தேசத்தார் அவர் எலும்புகளைக் கூப்ரே கல்லறையினின்றும் எடுத்துச் சென்று, பாரிஸில் தம் நாட்டுப் பெரியோர் துயிலும் பாந்தியோன் மண்டபத்தில் வைத்தனர். கைகளை மாத்திரம் சொந்த ஊரார் கொடுக்கவில்லை. அவை கூப்ரேயிலேயே பேழையொன்றில் இருக்கின்றன.

இனி இவ்வெழுத்து நம் நாட்டிற்கு வந்த வகையைக் காண்போம். இந்தியாவிலே பார்வையற்றோர்க்கு முறையான பள்ளி முதன்முதல் 1887இல் அமிர்தசரசில் ஆனி ஷார்ப் என்னும் மிஷனெரி அம்மையாரால் தொடங்கப்பெற்றது. தமிழ்நாட்டிலே பாளையங்கோட்டையில் 1890ஆம் ஆண்டு ஆஸ்க்வித் அம்மையார் இத்தொண்டைத் தொடங்கினார். அப்பள்ளி தழைத்தோங்கி இன்றுவரை நடந்து வருகின்றது. ஆனால் மொழிக்கு ஒரு முறை, சில மொழிக்கு இரண்டு முறை எனப் பல பிரெயில் முறைகள் நாட்டிலே பரவின. ஓரிடத்து நூலை மற்றோரிடத்தார் படிக்கவியலாமற் போயிற்று. 1951ஆம் ஆண்டில் பாரதி பிரெயில் என்னும் பொதுமுறை ஏற்பட்ட பின்னரே இக்குழப்பம் நீங்கிற்று. இந்திய மொழிகளில் ஒத்த ஒலியுள்ள எழுத்துக்களுக்கு ஒரே குறி என்பதும், உலக வழக்கோடு கூடுமானவரை பொருந்துதல் வேண்டும் என்பதும் அதன் அடிப்படை.

தமிழ்ப் பிரெயில் முறை நுட்பமானது. இடப்பக்கத்து மூன்று புள்ளிகளை மேலிருந்து கீழாக 1, 2, 3 என்றும், வலப்பக்கத்தனவற்றை 4, 5, 6 என்றும் எண்ணுவர். முதற்புள்ளி ஒன்றே அகரம். மகரமும் பகரமும் லகரமும் ரோமன் எழுத்தில் அவ்வொலிகளுக்கு லூயி கொடுத்த அதே குறிகளைப் பெற்றுள்ளன. ஆகவே பூந்தமல்லிச் சிறுவன் தமிழில் அறிந்த குறிகளிற் பலவற்றை ஆங்கிலத்திலும் மீண்டுங் காண்பான். நமது 247 எழுத்துக்களுக்கும் 247 குறிகள் இல்லை. மெய்க்குறியை அடுத்து உயிர்க்குறியை வைத்தால் உயிர்மெய்யாகும். அச்செழுத்திலே கெகரத்தின் கொம்பு ககரத்திற்கு முன்னே நிற்கும்; கொகரத்திற்கோ முன்னே கொம்பும் பின்னே காலும் வேண்டும். புள்ளியெழுத்தில் அத்தொல்லை இல்லை: முதலில் ககரம், பின்னர் எகரமோ ஒகரமோ. உயிர்மெய்யில் மெய்யொலி முந்தும், உயிரொலி பிந்தும் என்னும் இலக்கணத்தைக் கண்ணால் படிக்கும் எழுத்தினும் விரலாற் படிக்கும் எழுத்தே நேராகப் பின்பற்றுகின்றது.

எழுத்து வந்தது, நூல்கள் வந்தனவா என்பதே இன்றைய கேள்வி. பூந்தமல்லி அச்சகத்தின் பெரும்பணி பாடநூல்களே. சென்னையிலே கன்னிமாரா நூலகத்திலும், 2010இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் பிரெயில் பகுதிகள் உள. ஆயினும் ஒரு நூல் புள்ளியெழுத்தில் மாறும்போது பல பெருந்தொகுதிகளாக விரிவதால், இடமும் செலவும் தடையாகின்றன. பதிப்புரிமைச் சட்டமும் முன்னர் ஒரு தடையாயிருந்தது. 2012இல் நம் நாட்டுச் சட்டம் திருத்தப்பெற்று, உரிமையாளரின் இசைவைக் காத்திராமல், அச்செழுத்தைப் படிக்கவியலாதார்க்கு ஏற்ற வடிவில் நூல்களை ஆக்க வழி பிறந்தது. 2013இல் மராகேஷ் நகரத்தில் உலக நாடுகள் அவ்வாறான உடன்படிக்கை செய்தன. 2014இல் அதனை முதன்முதல் உறுதிசெய்த நாடு இந்தியாவே. 2016இல் சுகம்ய புஸ்தகாலயம் என்னும் இணைய நூலகம் ஏற்பட்டு, பார்வையற்றோரும் அச்சு நூலைக் கையாளவியலாத ஏனைய மாற்றுத்திறனாளரும் வீட்டிலிருந்தே நூல்களைப் பெற இயல்கின்றது.

கணிப்பொறியும் கைப்பேசியும் நூலை உரக்கப் படித்துக் காட்டும் இந்நாளில் புள்ளியெழுத்து எதற்கு என்று வினவுவோர் உளர். அவ்வினாவை எழுப்புவோர் பெரும்பாலும் கண்ணுடையாரே என்பதைக் கருதுக. கேட்டலினாற் பெறும் பயன் பெரிது, அதனை மறுப்பாரில்லை. ஆனால் தமிழைக் காதால் மாத்திரம் கற்றவன் நிலை யாது? சந்தையிலும் வீட்டிலும், ஏன், மேடையிலுங்கூட, நம்மவர் பேச்சில் அறமும் அரமும் ஒன்றாகவே ஒலிக்கின்றன; பணியும் பனியும் வேறுபடுவதில்லை. அச்சிலே கண்டறிந்தமையால் நாம் பிழையின்றி எழுதுகின்றோம். காணாதவன் தொட்டேனும் அறிய வேண்டாமா? தமிழ்ப் பிரெயிலில் ரகரமும் றகரமும் வெவ்வேறு. நகர ணகர னகரங்களும் வெவ்வேறு. லகரத்திற்கு இடப்பக்கத்து மூன்று புள்ளிகள். ளகரத்திற்கு வலப்பக்கத்து மூன்று. ழகரத்திற்கு நான்காம் புள்ளி ஒழிந்த ஐந்தும். ஒலி என்னும் சொல்லையும் ஒளி என்னும் சொல்லையும் அடுத்தடுத்து எழுதிக் கொடுத்தால், பூந்தமல்லிப் பள்ளியின் சிறு பிள்ளையும் தடவிப் பார்த்து, இது காதுக்குரியது, இது கண்ணுக்குரியது என்று வேறுபிரித்துச் சொல்லும்.